பின்னக் கற்றுக்கொள்ள யாரைக் கேட்பது? குன்னூர் வராந்தாவிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வெலிங்டன் போகிற பக்கம் ஒரு வீட்டு வராந்தாவில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஏழெட்டுப் பேர் ஊசியும் உல்லனுமாக உட்கார்ந்திருப்போம். சங்கம் கிங்கம் எதுவும் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, சந்தாவும் கிடையாது. வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்குப் பொத்தான் தைக்க மட்டும்தான் தெரியும். மேல் வீட்டு ஆன்ட்டி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி, ஹிமாசலக்காரர், அவர்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நானும் கொஞ்சம் சொல்லித் தருகிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். சமவெளியில் இருந்து கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறதே, இதற்கு ஒரு ஆள் எதற்கு?

இருக்கிறது, நானும் அதில்தான் தொடங்கினேன். முதல் வரிசைக் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஊசியில் ஏற்றுவதை வீடியோ அழகாகக் காட்டும், வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடி பார்க்கலாம். எங்கள் ஆன்ட்டியை அப்படியெல்லாம் நிறுத்த முடியாது. சிக்கல் என்னவென்றால் வீடியோவில் வருகிறவர் தப்பே செய்ய மாட்டார். தப்பு செய்தாலும் அவர் செய்கிற தப்பு நம்முடைய தப்பாக இருக்காது. நம் கையில் இருக்கும் துணியைப் பார்த்து "இந்த வரிசையில் மூணாவது கண்ணியில் ஊசியை நூலுக்கு நடுவிலே குத்திட்டே, பாரு, நூல் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று, இறுக்கம். மூன்று வாரம் நான் பின்னிய துண்டு அட்டை மாதிரி விறைப்பாக நின்றது, கண்ணிகள் ஊசியில் நகரவே இல்லை, தோள்பட்டை வலி வேறு. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. ஆன்ட்டி என் பின்னால் வந்து நின்று, தோளில் கை வைத்து அழுத்திக் கீழே இறக்கினார். அப்புறம் நூலைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிறே, அது ஓடிடாது" என்றார். அவ்வளவுதான், அன்று மாலையே கண்ணிகள் வழுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தன. நூல் விரலில் எவ்வளவு தளர்வாக ஓட வேண்டும் என்பது பார்த்துத் தெரிகிற விஷயமில்லை, தொட்டால்தான் தெரியும்.

எங்கள் தெருவில் பின்னத் தெரிந்தவர் யாருமே இல்லை. எங்கே தேடுவது?

இல்லை என்று எப்படித் தெரியும்? கேட்டுப் பார்த்தீர்களா? நான் கேட்காமலேயே ஆறு மாதம் இருந்தேன், மேல் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். பின்னத் தெரிந்தவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, பிள்ளைகளுக்குப் போட்ட ஸ்வெட்டரோடு ஊசிகளைப் பீரோவில் வைத்துவிட்டு அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முதலில் வயதானவர்களிடம் கேளுங்கள், குறிப்பாகக் கான்வென்ட் பள்ளியில் படித்தவர்களிடமும் ஓய்வு பெற்ற தையல் டீச்சர்களிடமும். தையல் வகுப்பில் ஒரு சின்ன ஸ்வெட்டரோ குழந்தை சாக்ஸோ பின்னிக் காட்டி மார்க் வாங்கியவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். "எனக்கு மறந்துபோச்சு" என்பார்கள். நம்பாதீர்கள். கையில் ஊசியைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் விரல் தானாகப் போகும், எங்கள் டீச்சரம்மா ஒருவர் நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஊசியைத் தொட்டு, பேச்சை நிறுத்தாமலே ஒரு வரிசை முடித்துவிட்டு அதை அவரே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது, குளிர்ப் பிரதேசங்களில் இருந்து வந்து உங்கள் ஊரில் குடியிருப்பவர்கள். ராணுவக் குடியிருப்பு, விமானப்படைத் தளம், ரயில்வே காலனி, வங்கி ஊழியர் குவார்ட்டர்ஸ் இங்கெல்லாம் பஞ்சாப், ஹிமாசல், உத்தராகண்ட் குடும்பங்கள் இருக்கும். அங்கே குளிர்கால வெயிலில் மாடியில் உட்கார்ந்து பின்னுவது நம் ஊரில் வாசலில் உட்கார்ந்து பூத் தொடுப்பது மாதிரி. வெலிங்டனில் ராணுவக் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருப்பதால் எங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம்.

அதுவும் இல்லையென்றால் உல்லன் விற்கிற கடைக்காரரைக் கேளுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் மூலையில் தூசி படிந்து பத்துக் கண்டு உல்லன் தொங்கும், அதை யார் வாங்குகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர்களுடைய நம்பரை நீங்கள் கேட்காதீர்கள். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி போடலாம், குட்மார்னிங் படங்களுக்கு நடுவே யாராவது ஒருவர் கண்ணில் படும்.

தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வெறுங்கையோடு போனால் கூச்சமாகத்தான் இருக்கும். பாதியில் சிக்கிய ஒரு துண்டோடு போங்கள். "எனக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுங்கள்" என்றால் பெரிய பொறுப்பு, யோசிப்பார்கள். "ஆன்ட்டி, இந்த இடத்துல ஓட்டை விழுந்துடுச்சு, என்னன்னு பார்க்கிறீங்களா?" என்றால் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சிக்கலைக் கண்டால் அதை எடுக்காமல் இருக்கப் பின்னத் தெரிந்த கைக்கு முடியாது. நான் முதல் தடவை போனபோது அரைமணி நேரம், இரண்டாவது தடவை டீ, மூன்றாவது தடவை "சனிக்கிழமை வந்துடு" என்று சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும், மதியம் ஒரு மணி முதல் மூன்று வரை யார் வீட்டுக்கும் போகாதீர்கள். தூங்குவார்கள்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு ஜோடி 4 அல்லது 4.5 மி.மீ. ஊசி, ஒரு கண்டு நூல். ஓரத்தை மறைத்துத் தைக்க மொட்டை முனையுள்ள பெரிய ஊசி ஒன்று, கத்தரிக்கோல் வீட்டில் இருக்கும். எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆன்லைனில் ஐம்பது பொருள் அடங்கிய பெட்டி ஒன்று விற்பார்கள், வாங்காதீர்கள், அதில் நாற்பத்தாறு பொருளை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

நூலில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ஆசையாகக் கறுப்போ கருநீலமோ வாங்கி வருவார்கள், அதில் கண்ணி எங்கே இருக்கிறதென்று பகலிலேயே தெரியாது. பூனைக்குட்டி மாதிரி முடி முடியாக இருக்கும் நூலும் அப்படித்தான், பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வராது. வெளிர் நிறம், வழவழப்பு, நடுத்தரத் தடிமன், இது போதும். அக்ரிலிக் மலிவு, கொஞ்சம் இழுபடும், தப்பை மன்னிக்கும். பருத்தி நூல் இழுபடாது, அதனால் புதுக் கைக்கு விரல் வலிக்கும், ஆனால் வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு அதுதான் உபயோகம். கம்பளி எல்லாவற்றிலும் இனிமையாகப் பின்ன வரும், விலைதான். வர்தமான், கங்கா, ஓஸ்வால் எந்தக் கம்பெனி நூல் கிடைத்தாலும் சரி. முதல் துண்டு எப்படியும் கோணலாகத்தான் வரப்போகிறது.

பாட்டி "பத்தாம் நம்பர் ஊசி" என்கிறார், நெட்டில் பத்தாம் நம்பர் வாங்கினால் உலக்கை மாதிரி வருகிறதே?

இந்தக் குழப்பத்தில் எங்கள் கூட்டத்தில் மட்டும் மூன்று பேர் பணம் தொலைத்திருக்கிறோம். நம் ஊரில் பழைய ஆட்கள் சொல்வது பழைய இங்கிலாந்து நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 14 என்றால் வெறும் 2 மி.மீ. அமெரிக்க நம்பர் நேர் தலைகீழ், நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும், அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ., 10 என்பது 6 மி.மீ. ஆகப் பாட்டியின் பத்தும் அமெரிக்கப் பத்தும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அதனால் நம்பரைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள். ஊசியில் எழுத்து அழிந்திருந்தால் வட்ட வட்ட ஓட்டை போட்ட அளவுத் தகடு ஒன்று வரும், அதில் நுழைத்துப் பார்க்கலாம். கூட்டத்துக்கு ஒன்று இருந்தால் போதும், ஆளுக்கு ஒன்று தேவையில்லை.

ஊசி என்றதும் ஒரு உள்ளூர்ப் பெருமை: போனி ஊசிகளைச் செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் எங்கள் மலையில்தான் இருக்கிறது, ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் கேத்திப் பக்கம்.

குரோஷாவும் இதுவும் ஒன்றுதானே? தோடர்கள் செய்வதும் இதுதானா?

குரோஷாவுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி, எந்த நேரத்திலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். இதில் இரண்டு ஊசி, ஒரு வரிசைக் கண்ணிகள் மொத்தமும் திறந்தபடி ஊசியில் உட்கார்ந்திருக்கும், ஊசி உருவிக்கொண்டால் அத்தனையும் அந்தரத்தில். தமிழ்நாட்டில் குரோஷா போடத் தெரிந்தவர்கள்தான் அதிகம். 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் ஊர் ஊராகப் பின்னி அனுப்பிய துண்டுகளைச் சென்னையில் சேர்த்து 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதனால் உங்கள் பக்கத்து வீட்டில் குரோஷா போடுகிறவர் இருந்தால் அதையே முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். நூலைப் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும், நழுவிய கண்ணியை எடுக்கவும் அந்தக் கொக்கி ஊசிதான் உதவப்போகிறது.

தோடர்களுடையது எம்ப்ராய்டரி. வெள்ளைத் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பது. சுற்றுலா வருகிறவர்கள் எங்களைப் பார்த்து "தோடா ஒர்க்கா?" என்று கேட்கும்போதெல்லாம் டீச்சரம்மாவுக்குக் கோபம் வரும்.

நிட், பர்ல் என்கிறார்களே, இரண்டும் வேறு வேறு பின்னலா?

உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஜன்னலருகே போய், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள், இலைகளை அடுக்கினாற்போல வரிசை வரிசையாகத் தெரியும், ஜடை மாதிரி. உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், சின்னச் சின்ன மேடாக, அலை அலையாக இருக்கும். ஜடைப் பக்கம் நிட், மேட்டுப் பக்கம் பர்ல். ஒரே கண்ணிதான், முன்னால் இருந்து பார்த்தால் ஒன்று, பின்னால் இருந்து பார்த்தால் இன்னொன்று. பின்னலாடை என்று பனியனைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், பின்னல் எங்கே இருக்கிறதென்று நானும் அதுவரை பார்த்ததில்லை. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்ன ஒரு இயந்திரம் செய்தார், திருப்பூர் இயந்திரங்களெல்லாம் அந்த வம்சம். அவை செய்வதும் நம் கை செய்வதும் அடிப்படையில் ஒரே காரியம், ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்குள் புதுக் கண்ணியை இழுப்பது.

எங்கள் ஆன்ட்டி நிட்டை "சீதா" என்றும் பர்லை "உல்டா" என்றும் சொல்வார், நேர், தலைகீழ். நூல் பின்னால் இருக்க, ஊசியை முன்னிருந்து பின்னாகக் குத்தி இழுத்தால் சீதா. நூல் முன்னால் வர, ஊசியை வலமிருந்து இடமாகக் கண்ணிக்கு முன்புறமே நுழைத்து எடுத்தால் உல்டா. எல்லா வரிசையும் சீதாவே போட்டால் இரண்டு பக்கமும் மேடு பள்ளமாக, சுருளாத துணி வரும், முதல் மாதம் இது மட்டும் போதும். ஒரு வரிசை சீதா, மறு வரிசை உல்டா என்று போட்டால் பனியன் துணி வரும், ஆனால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரிச் சுருண்டுகொள்ளும். உங்கள் தப்பு இல்லை, அதன் குணமே அதுதான். இரண்டு சீதா, இரண்டு உல்டா என்று ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்வெட்டர் மணிக்கட்டில் வருகிற இழுபடும் பட்டை.

ஒருவர் நூலை வலது கையில் சுற்றச் சொல்கிறார், இன்னொருவர் இடது கையில் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் சரி, துணி ஒன்றேதான் வரும். வலது கையால் நூலை ஊசி மேல் எறிகிறவர்கள் உண்டு, இடது கை விரலில் வைத்துக்கொண்டு ஊசியால் கொத்தி எடுக்கிறவர்கள் உண்டு. பின்னதில் கை அசைவு குறைவு, பழகினால் வேகம் வரும். ஆனால் முதல் இரண்டு மாதத்துக்கு ஒரே ஆளிடம் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் உங்கள் கையைத் திருத்துவார்கள், மாமியார் வீட்டில் முதல் நாள் சாம்பார் வைக்கிற மாதிரி ஆகிவிடும். இப்போது எங்கள் வராந்தாவில் புதிதாக ஒருவர் வந்தால் யார் அவருக்குச் சொல்லித் தருவது என்று முதலிலேயே பேசிக்கொள்கிறோம், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமான விதிதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊசியில் உட்கார்ந்திருக்கும் கண்ணிக்கு இரண்டு கால், முன்கால் ஒன்று, பின்கால் ஒன்று. நூலைத் தப்பான திசையில் சுற்றிவிட்டு, அடுத்த வரிசையில் எப்போதும் போல முன்காலிலேயே குத்தினால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். துணி இறுகி, அந்த ஜடையின் அடியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி தெரியும். ஒரு வருடம் அப்படியே பின்னிவிட்டு அப்புறம் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

20 கண்ணியில் ஆரம்பித்தேன், இப்போது 26 இருக்கிறது. நான் எதுவும் சேர்க்கவில்லையே?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தச் சனிக்கிழமையும் போனதில்லை. பெரும்பாலும் திருடன் ஓரத்தில்தான் இருப்பான். ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டுவிடுகிறீர்கள். அப்போது கடைசிக் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணி மாதிரி நிற்கும், நீங்களும் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவீர்கள். திருப்பியதும் நூலைக் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியாகவே பின்னால் கொண்டுபோங்கள்.

ஓரம் நேராக இருந்து நடுவில் ஓட்டையும் இருந்தால், சீதா போடும்போது நூல் முன்னால் தங்கிவிட்டது என்று அர்த்தம், ஊசி மேல் ஒரு சுற்று கூடுதலாக விழுந்திருக்கும். இன்னொரு வகை, காலிங் பெல் அடித்து நடு வரிசையில் எழுந்து போய், திரும்பி வந்து எதிர்த் திசையில் பின்னுவது. எப்போது எடுத்தாலும் கண்டோடு சேர்ந்த நூல் வலது கை ஊசியில் இருந்து வர வேண்டும், இடது கையில் இருந்தால் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். எப்படியானாலும் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். நான் இன்னும் எண்ணுகிறேன், எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் சத்தமாக எண்ணுவேன்.

கண்ணி ஒன்று நழுவி ஏணி மாதிரி கீழே ஓடிவிட்டது. அவ்வளவுதானா?

பதறி இழுக்காதீர்கள், இழுத்தால்தான் இன்னும் ஓடும். நழுவிய கண்ணியில் உடனே ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள், அது எங்கேயும் போகாது. அப்புறம் ஜடைப் பக்கம் உங்களைப் பார்க்க வைத்து, குரோஷாக் கொக்கியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே இருக்கும் ஏணிப்படி நூலைக் கொக்கியால் பிடித்து உள்ளே இழுங்கள். அடுத்த படி, அடுத்த படி என்று மேலே வந்து ஊசியில் ஏற்றிவிடலாம். இதை நான் முதல் தடவை ஆன்ட்டி செய்து பார்த்தபோது வித்தை காட்டுகிற மாதிரி இருந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களின் கண்ணியை நாங்களே வேண்டுமென்று ஒன்று நழுவவிட்டு எடுக்கச் சொல்கிறோம், பயம் போய்விடும். சிலருக்குக் கோபமும் வரும்.

கடினமான டிசைன் போடும்போது பத்து வரிசைக்கு ஒரு தரம், எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துவிட்டுப் போங்கள். தப்பாகிப் பிரிக்க நேர்ந்தால் பிரிவு அங்கே வந்து நின்றுவிடும்.

எனக்கு இடது கைப் பழக்கம்.

பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து பாருங்கள், கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்யலாம். ஆனால் இரண்டு கைக்கும் வேலை இருக்கிற காரியம் இது, எங்கள் கூட்டத்தில் இடது கைக்காரர் ஒருவர் மற்றவர்களைப் போலவேதான் பின்னுகிறார்.

ஆண்கள் வரலாமா?

வாருங்கள். எங்களில் மிக நேர்த்தியாக ஓரம் வருவது பேக்கரி வைத்திருக்கும் ஒரு தம்பிக்குத்தான். மாவு பிசைகிற கை. பெரு நாட்டில் டிடிகாகா ஏரியில் டக்கீலே என்று ஒரு தீவு, அங்கே குல்லா பின்னுவது ஆண்கள்தான், அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையை யுனெஸ்கோ 2005-இல் பாரம்பரியக் கலையாக அறிவித்தது. இதைச் சொன்ன பிறகு அந்தத் தம்பி பஸ்ஸிலும் பின்னுகிறார்.

நான் மதுரை. இங்கே ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுவது?

ஸ்வெட்டர்தான் பின்ன வேண்டும் என்று யார் சொன்னது? பருத்தி நூலில் பாத்திரம் துடைக்கிற துணி, காய்கறிப் பை, குழந்தைக்குத் தொட்டில் விரிப்பு எல்லாம் வரும். துடைக்கிற துணி கற்றுக்கொள்ளவும் நல்லது, சதுரமாக வரவேண்டும், வராவிட்டாலும் துடைக்கும். வெயிலில் பின்னும்போது கை வியர்த்து அலுமினிய ஊசி வழுக்கும், மூங்கில் ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேன் காற்றில் நூல்கண்டு உருண்டு ஓடாமல் ஒரு தூக்குச்சட்டிக்குள் போட்டு வையுங்கள், கைப்பிடி வழியாக நூல் வரட்டும்.

எத்தனை நாளில் ஒரு ஸ்வெட்டர் பின்னலாம்?

எனக்கு முதல் ஸ்வெட்டர் ஏழு மாதம். போட்டுப் பார்த்தால் என் கணவர் அளவுக்கு இருந்தது, எனக்காகப் பின்னியது. காரணம் எளிது, மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவில்லை. பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருந்தது, என் கைக்கு 20 தான் வருகிறது. 198 கண்ணி போட்டால் அவர்கள் கணக்கில் 90 செ.மீ. சுற்றளவு, என் கணக்கில் 99 செ.மீ. இரண்டு கண்ணிதானே என்று விட்டால் ஒன்பது சென்டிமீட்டர். ஆன்ட்டி படித்துப் படித்துச் சொன்னார், அவசரத்தில் கேட்கவில்லை. ஒரு சாண் அகலத்துக்குப் பின்னி, அலசிக் காயவைத்து, ஸ்கேல் வைத்து எண்ணிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

பெரியவர் ஸ்வெட்டருக்கு நடுத்தர நூலில் 500, 600 கிராம் ஆகும். மொத்தத்தையும் ஒரே தடவை வாங்குங்கள், லேபிளில் சாய லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே கலர்தானே என்று பாதியில் போய் வாங்கினால் வலது கை ஒரு நிறம், இடது கை ஒரு நிறம். அக்ரிலிக் ஸ்வெட்டரைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கவும் கூடாது, துவண்டு போனால் போனதுதான்.

சொல்லித் தருகிறவருக்குப் பணம் கொடுக்கலாமா?

வகுப்பு எடுக்கிறவராக இருந்தால் அவர் கேட்கிற கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பணம் நீட்டினால் வருத்தப்படுவார்கள். ஆன்ட்டிக்கு நான் போன் ரீசார்ஜ் செய்வேன், மின்கட்டணம் கட்டித் தருவேன், அவருக்கு அந்த ஆப் எல்லாம் எரிச்சல். முக்கியமான ஒன்று, அவர்களிடம் "எனக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுத் தாங்களேன்" என்று கேட்காதீர்கள். நூல் நான் தருகிறேன் என்றாலும் கூடாது. ஐம்பது அறுபது மணி நேர உழைப்பை நூல் விலைக்குக் கேட்கிறீர்கள் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது, கேட்கப்படுகிறவருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் நாங்களே ஒரு கூட்டம் ஆரம்பிக்கலாமா?

இரண்டு பேர் போதும். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், அதுதான் முக்கியம். "எல்லோருக்கும் எப்போது வசதி" என்று குழுவில் கேட்டால் அந்தப் பேச்சிலேயே கூட்டம் செத்துவிடும். நாங்கள் ஒரு காலத்தில் வீடு வீடாக மாற்றி வைத்துப் பார்த்தோம், அவரவர் வீட்டில் பலகாரம் போட்டியாகி, பஜ்ஜி, கேசரி என்று போய், இரண்டு பேர் வீட்டு முறை வந்தபோது காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே வராந்தா, வெறும் டீ. நூலகத்தில் ஒரு மூலை கிடைத்தால் இன்னும் நல்லது, யார் வீட்டுக்கும் பாரமில்லை.

நல்ல வெளிச்சம் வேண்டும். ஊசிகளில் பெயர் எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் எது யாருடையது என்று சண்டை வரும். பிறகு, அரசியலும் மருமகளும் பேசலாம், ஆனால் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது எண்களை மட்டும் சொல்லக்கூடாது.

பின்னியதையெல்லாம் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முதலில் போய்க் கேட்டுவிட்டுப் பின்னுங்கள். நாங்கள் பச்சிளங்குழந்தைகளுக்கென்று முப்பது குல்லா பின்னி ஒரு இடத்துக்குக் கொண்டுபோனோம், கரகரப்பான உல்லன், அதுவும் அவர்கள் துவைக்கிற சூட்டைத் தாங்காது என்று திருப்பிவிட்டார்கள். நியாயம்தான். மிருதுவான, துவைக்கக்கூடிய நூல், பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ., குல்லா அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் இழுபட்டு நிற்கும்.

கை தேறியவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மென்மையான பருத்தி நூலில் செயற்கை மார்பகம் பின்னி இலவசமாகத் தருகிறார்கள், நிட்டட் நாக்கர்ஸ் இந்தியா என்ற குழு. அளவும் நூலும் அவர்கள் சொல்கிறபடிதான் இருக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. எங்களில் இரண்டு பேர் இப்போது அதைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை வரும்போது சாப்பிட ஏதாவது கொண்டுவரலாமா?

எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், விரல் பட்டால் நூல் போச்சு. வர்க்கி கொண்டுவரலாம், ஆனால் அது தொட்டாலே உதிர்ந்து கண்ணிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்போம், அதாவது மூடுபனி ஏறி வெளிச்சம் குறைகிற நேரம், ஐந்தரை மணி வாக்கில். தம்பி பேக்கரியில் இருந்து எடுத்து வருவார், நீங்கள் பால் மட்டும் ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள்.